காது எட்டும் வயது

மாவு லாரி ஷிரே ஆற்றுச் சேற்றில் சிக்கிய வாரம்
என் வருகைப் பதிவேட்டில்
திங்கள் எழுபத்தொன்று,
செவ்வாய் நாற்பது,
வெள்ளிக்கிழமை பதினேழு பேரும் ஓர் ஆடும்.

லாரி வந்துசேர்ந்த மறுநாள்
விடியுமுன்பே மரத்தடியில்
குவளைகள் வரிசை பிடித்துவிட்டன.
பெயின்ட் டப்பா, மார்ஜரின் டப்பி,
கைப்பிடி உடைந்த நீலக் கோப்பை.
அது எஸ்நாத்துடையது.

சமையல் முறை இன்று ஃபைசனின் அம்மாவுக்கு.
துடுப்பு போன்ற அகப்பையை
இரு கையாலும் பிடித்துக் கிண்டுகிறாள்.
சோளமும் சோயாவும் கொதித்துத் தெறிக்க
ஏழாம் வாய்ப்பாடு
ஏழைந்தோடு நின்றுபோகிறது.
எல்லா மூக்கும் ஜன்னல் பக்கம்.

மாதம் ஒருமுறை நர்ஸ் வந்து
புஜத்தைச் சுற்றி வண்ண நாடா வைத்து அளப்பாள்.
மற்றவர்கள் பச்சைக்கு வந்துவிட்டார்கள்.
எஸ்நாத் மட்டும் மூன்று மாதமாய் மஞ்சளில்.
மாவு இல்லாத வாரத்திலும் வந்த
பதினேழில் ஒருத்தி.

நேற்றுதான் பார்த்தேன்.
பாதிக் கஞ்சியைக் குடித்து
மீதியை நோட்டு அட்டையால் மூடி
வேலிக்கு வெளியே நின்ற தம்பியிடம் நீட்டுகிறாள்.
அவன் ஊதிக்கூடக் குடிக்கவில்லை.

இன்று கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறாள்.
"ஆறு வயசு, டீச்சர்."

தலைக்கு மேலாகக் கையை வளைக்கச் சொன்னேன்.
காதுக்கு நாலு விரற்கடை முன்பே
நின்றுவிட்டது விரல்நுனி.
மூச்சைப் பிடித்துக்கொண்டு எக்கினான்.
எஸ்நாத் அவன் தலையை
மெல்ல ஒரு பக்கம் சாய்த்துவிட்டாள்.

எழுபத்திரண்டாவது பெயர்: லாமெக்.
வயது: ஆறு.
மை காயும்வரை
தலைமை ஆசிரியர் அறைப் பக்கம் நான் திரும்பவில்லை.

நாளைக்குள்
அவனுக்கொரு டப்பா தேட வேண்டும்.