மேல் வரிசையில் இரண்டாவது ஊசி

காணிக் கிளையில் மொனிட்டர் ஊதாவாய்ப் போய்விட்டதென்று
மாங்குளத்துக்கு அழைப்பு வந்தது திங்கள்.
நான் போனது வியாழன்.
ஒட்டுசுட்டான் வரை செம்மண் படிந்த பை,
பைக்குள் மூன்று வயர், ஒரு ஸ்க்ரூ டிரைவர்,
குச்சி தீர்ந்த கிளிக் பென்சில்.

சுகிர்தமலர் கதிரையை விட்டு எழும்பினா.
"நாலு நாளா இப்பிடித்தான், பிள்ளை.
வெள்ளைத் தாளெல்லாம் கத்தரிப்பூ.
எழுத்தும் ரெண்டு ரெண்டாத் தெரியுது.
கண்ணில பிழையெண்டு
முல்லைத்தீவுக்குப் போய்க் கண்ணாடியும் மாத்திப்போட்டன்."

ஒரே உடம்பில் இரண்டு நோய்.
லேசானதை முதலில் பிடித்தேன்.
யாரோ ஆயிரத்து இருபத்துநாலில் விட்டுப் போயிருக்கிறார்கள்;
திரை கேட்பதோ ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது.
தம்பியின் சட்டையை அண்ணன் இழுத்துப் போட்ட மாதிரி
எழுத்தெல்லாம் அக்குளில் பிய்ந்திருந்தது.
எண்ணை மாற்றினேன்.
சிறுத்தன, கூர்ந்தன.
சுகிர்தமலர் புதுக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்து
திரும்பப் போட்டா. ஒன்றும் சொல்லவில்லை.

ஊதா அசையவில்லை.

வாங்கில் ஒருவர் இருந்தார். குலவீரசிங்கம்.
கருவேலங்கண்டல்.
பிளாஸ்டிக் உறைக்குள் பெர்மிட், மடிப்பில் கிழிந்தது.
திங்களும் வந்தவராம். படத்தைப் பார்த்தவராம்.
தன் இரண்டரை ஏக்கரில் ஒரு நிறமும் இல்லை,
காட்டுக் கந்தோர் தொடாத காணி.
"அதை ஒருக்கா அடிச்சுத் தந்தாப் போதும், நான் போயிடுவன்."
திரை திருந்தாமல் அடிக்க மாட்டேன்
என்றிருக்கிறா சுகிர்தமலர்.

வயரை ஆட்டினேன்.
ஊதா சிமிட்டி, ஒரு கணம் வெளுத்து, திரும்ப ஊதா.
ஆட்டினால் மாறுவது திரையின் நோயல்ல.
பொத்தானை அழுத்தினால்
மொனிட்டர் தானே எழுதும் மெனு மட்டும்
வடிவான வெள்ளையில் வந்தது.
அது நல்ல பிள்ளை.
வந்து சேருவதில்தான் குறை.

கழற்றி யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தேன்.
பதினைந்து ஊசி, மூன்று வரிசை.
மேல் வரிசையில் இரண்டாவது
மழைக்குச் சாய்ந்த நெல்லாய்ப் படுத்திருந்தது.
முதலாவது சிவப்பு, மூன்றாவது நீலம்.
இது பச்சை.

பச்சை வராவிட்டால் வெள்ளை ஊதாவாகும்.
பச்சை வராவிட்டால்
படத்தில் மெல்லிசாய்ப் பூசிய பச்சையும்
பூசாத வெள்ளையும்
கண்ணுக்கு ஒன்றாகும்.
அது எனக்கு அப்போதுதான் ஓடி வெளித்தது.
அவருடைய கால்களைப் பார்த்தேன்,
பெருவிரல் நகத்தில் காய்ந்த சேறு.

பையில் நல்ல வயர் மூன்றிருந்தும்
பென்சிலைத்தான் எடுத்தேன்.
நேரம் பிடிக்கிற வேலை அது.
அதன் வெறும் மூக்குக்குள் ஊசியை ஏந்தி
மூச்சுக்கு ஒரு மயிரளவு நிமிர்த்தினேன்.
முறிந்தால் முறியட்டும் என்றும் ஒரு நினைப்பு.
முறியவில்லை.

மாட்டி, இரண்டு பக்க ஸ்க்ரூவும் இறுக்கி,
வெறும் பக்கமொன்றைத் திறந்தேன். வெள்ளை.
சுகிர்தமலர் படத்தைத் திறந்தா.

வீதியிலிருந்து குளக்கட்டு வரை
அவர் காணிக்கு மேலால்
பச்சை போயிருந்தது.

ஒருவரும் கதைக்கவில்லை. மேலே விசிறி மட்டும்.
பிறகு அவர்,
"தங்கச்சி, முந்தியிருந்த மாதிரித் திருப்பி வைக்கேலாதோ?"
சிரிக்கிறாரா என்று பார்த்தேன். கொஞ்சம் சிரித்தார்.
எழும்பி வந்து, மூக்கு முட்டக் குனிந்தார்.
"இது என்ன?"

பச்சைக்குள் ஒரு வட்டம், பேனா முனையளவு.
மங்கலாயிருந்த நாலு நாளும் திரை அதை விழுங்கியிருந்தது.
சுகிர்தமலர் பெருப்பித்தா.
கிணறு என்றது குறி.

"எண்பத்திமூண்டில நான் வெட்டினது.
கல்லு வந்து, வெடி வைச்சு இறக்கின கிணறு.
காட்டுக்குள்ள ஆர் கிணறு வெட்டுறது?"
எங்களிடம் கேட்கவில்லை. திரையிடம் கேட்டார்.

பிரிண்டரில் கறுப்பு மை மட்டும்தான்.
தாளில் காடு இலேசான சாம்பல்,
கிணறு கரிய வட்டம்.
நாலாய் மடித்துப் பெர்மிட்டோடு வைத்தார்.

பற்றுச்சீட்டில் பழுது என்ற கட்டத்தில்
ஊசி வளைவு என்று எழுதினேன்.
ஆயிரத்தைந்நூறு ரூபா.
கையெழுத்து வைக்கும்போது சுகிர்தமலர்
கண்ணாடியை மறுபடி கழற்றினா.