உபரி

அக்டோபர் கடைசி ஞாயிறு.
நான் தூங்கும்போதே மூன்று மணி இரண்டாகிவிட்டது.
கைத்தொலைபேசி தன்னைத் தானே திருத்திக்கொண்டது.
அடுப்பு பழையபடி எட்டு என்கிறது.
மாத்திரைப் பெட்டிக்கு யார் சொல்வது?
பன்னிரண்டு மணிக்கொருதரம், அதுதான் அதன் சட்டம்.
பழைய எட்டா புது எட்டா என்று
கையில் தண்ணீரோடு நிற்கிறேன்.

இந்த ஊருக்குப் பெயர் தூண்.
எழுத்தில் வேறு மாதிரி;
வாயைத் திறந்தால் தூண்தான்.
வந்த புதிதில் சிரித்தேன்.
பிறகு சாய்ந்துகொண்டேன்.

நெடுந்தீவில் பிறந்தவனுக்கு
பேர்ணில், தீவு என்றே பெயருள்ள ஆஸ்பத்திரியில்
இன்னொருவரின் சிறுநீரகத்தை வைத்துத் தைத்தார்கள்.
எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்டேன்.
டாக்டர் கூரையைப் பார்த்தார்.
பதினைந்து வருடம் என்றார், கூடலாம், குறையலாம்.

அன்றிரவு சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தேன்.
எசேக்கியா ராஜாவும் இப்படித்தான் கிடந்தான்,
சுவரோடு முகம் வைத்து அழுதபடி.
அத்திப்பழத்தை மசித்து அவன் புண்ணில் கட்டினார்கள்.
நிழல் பத்துப் படி பின்னால் போனது.
அவனுக்கும் பதினைந்து வருடம்.
எனக்குப் புல்லரித்தது.
ஜெபக்கூட்டத்தில் எழும்பி மைக் பிடித்துச் சாட்சி சொன்னேன்.
கதையின் மிச்சத்தை வாசிக்கவில்லை.

மிச்சம் இது:
பாபிலோனிலிருந்து ஆட்கள் வந்தார்கள்,
பின்னே போன நிழலைப் பற்றி விசாரிக்க.
அவன் வெள்ளியைக் காட்டினான்.
பொன், தைலம், ஆயுதசாலை.
திறக்காத கதவென்று ஒன்றும் மிஞ்சவில்லை.

போன கோடையில் டொராண்டோவிலிருந்து அல்போன்ஸ் குடும்பம்.
வாசலில் வைத்தே கேட்டான்,
"எப்பிடி மச்சான் தப்பினாய்?"
நான் புதுச் சமையலறையைக் காட்டினேன்.
தொட்டால் தானே மூடும் லாச்சியை
இரண்டுதரம் இழுத்துக் காட்டினேன்.
பிறகு நிலவறை, பனிக்காலச் சில்லு நாலு,
வங்கிக்கடன் முடிந்த கடிதம்.
அவன் கேட்ட கேள்வி
செருப்புகளோடு வாசலில் கிடந்தது.

ராஜாவிடம் தீர்க்கதரிசி வந்து கேட்டார்,
உன் வீட்டில் என்னத்தைப் பார்த்தார்கள்?
எல்லாவற்றையும் என்றான்.
எல்லாம் போகும் என்றார், உன் பிள்ளைகளும் போவார்கள்.
அதற்கு அவன்: நல்லது,
என் நாள் மட்டும் அமைதியாய் இருந்தால் சரி.

இந்த இடத்தில்தான் அவனை எனக்குப் பிடிக்காமல் போகிறது.
இந்த இடத்தில்தான் என் முகச்சாடை தெரிகிறது.

கிடைத்த வருடங்களில் பிறந்தவள் மெரீனா,
அடுத்த அறையில் ஒரு மணி கூடத் தூங்குகிறாள்.
போன கிழமை இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியிருப்பது
அவளுக்குத் தெரியாது. தாய்க்கும் சொல்லவில்லை.
என் நாள் மட்டும், என் நாள் மட்டும்.
அப்பன் இறந்தபோது மனாசேக்கு வயது பன்னிரண்டு.
இவளுக்கும்.

ஒன்றில் ராஜா என்னை வென்றான்.
எழும்பிய உடனே நன்றி எழுதிவிட்டான்.
எனக்குத் தந்த படிவம்
கார் காப்புறுதிக் கோப்பில் பதினைந்து வருடமாய்.
பெயர் போடக்கூடாது, ஊர் கூடாது,
அலுவலகம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.
கடவுளுக்கு ஒலிபெருக்கியில் சொன்னேன்.
அந்த வீட்டுக்கு ஒரு வரி இல்லை.

எதிர்வீட்டுச் சுவரில் ஒரு நிழற்கடிகாரம்.
இன்று ஆரே ஆற்று மூடுபனி;
அதில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மேசையில் உட்கார்ந்து ஜேர்மனில் எழுதுகிறேன்.
அன்பான குடும்பத்தினருக்கு.
"உங்கள் வீட்டில் ஒருவர்" என்று தொடங்கி
வெட்டினேன்.
"எங்கள் வீட்டில், உங்கள் ஒருவர்..."
அதற்குமேல் இலக்கணம் தெரியவில்லை.
மெரீனா எழும்பியதும் கேட்க வேண்டும்.
கேட்டால் எல்லாம் சொல்ல வேண்டிவரும்.

அடுப்பில் ஒன்பது. தொலைபேசியில் எட்டு.
மாத்திரையை விழுங்குகிறேன்.
அவள் அறைக் கதவு திறக்கிறது.