இரண்டு விரலால் விரித்தல்

மண்டபம் வட்டார வள மையத்தில்
முதல் நாள் காலை நான் சொல்லிக்கொடுத்தது:
பெரிதாக்க இரண்டு விரல்.
இருபத்தேழு ஆசிரியர்கள், பதினெட்டு டேப்லெட்.
அதில் இரண்டு சார்ஜ் ஏறாது,
உப்புக்காற்று துளைக்குள் போய்ப்
பச்சையாகப் பூத்திருந்தது.

சீனி ஜகுபர் சார் தன்னுடையதைப்
பால் கவருக்குள் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டியிருந்தார்.
கவருக்கு மேலாகவே தேய்த்தார், அது வேலையும் செய்தது.
லூர்துக்கனி டீச்சர் கடவுச்சொல்லைச்
சாக்பீஸால் மேசையிலேயே எழுதிவைத்தார்.
கூடாது என்றேன்.
"அழிச்சுட்டு மறந்துபோனா நாளைக்கு நீங்க வருவீங்களா?"
வடை வரும் வரை
பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்கு எல்லாப் போனும் சேர்ந்து கிணுகிணுத்தன:
இலங்கைக்கு உங்களை வரவேற்கிறோம்.
ஒருவரும் நிமிரவில்லை.
ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்தவள் நான் மட்டும்
ஜன்னல் பக்கம் திரும்பினேன்
யாரோ கூப்பிட்ட மாதிரி.

மறுநாள் செயல்விளக்க வகுப்பு.
பாம்பன் தெற்குவாடி, தொடக்கப்பள்ளி,
நான்கும் ஐந்தும் ஒரே அறை.
நம்புசெல்வி டீச்சர் பாடம் நடத்த
நான் கடைசி வரிசையில், மடியில் கூர்நோக்குப் படிவம்.
தலைப்பு, நம் ஊர் வரைபடம்.
நேற்று கொடுத்த வரிசை மாறாமல் தொடங்கினார்.
"நாம எங்க இருக்கோம்?"
நீலப் புள்ளி கொஞ்ச நேரம் கடலுக்குள் நின்றது,
யோசித்தது, கரையேறியது.
பிள்ளைகளுக்குச் சிரிப்பு.
ஜிபிஎஸ் என்றால் என்ன என்று நான் எழுதி வைத்திருந்த
அரைப் பக்கம் வீண்.
அப்பாமார் படகில் அது எப்போதோ ஏறிவிட்டது.
கோட்டைத் தாண்டினால் எப்படிக் கத்தும் என்று
ஒரு பையன் கத்தியே காட்டினான்.

கைமாறிக் கைமாறி டேப்லெட்
நாலாம் வகுப்பு செர்லினிடம் வந்தது.
பள்ளிக்கூடத்தைத் தேடவில்லை அவள்,
மாதா கோயிலை, தன் வீட்டுத் தகரக் கூரையை, எதையும்.
ஒற்றை விரலால் கடலை இழுத்தாள்.
இழுக்க இழுக்கச் சாம்பல் நிறத்தில் கட்டம் கட்டமாக,
இணையம் திணறி, பிறகு நீலமாக.
கரை ஒன்று தட்டியதும்
இரண்டு விரலால் விரித்தாள்.
தெரு வந்தது. சுவர் மாதிரி ஒன்று வந்தது.
"இங்கிட்டுத்தான் டீச்சர், எங்கப்பா இருக்காக."

வகுப்பு அமைதியாகிவிட்டது என்று எழுத நன்றாக இருக்கும்.
ஆகவில்லை.
"எங்க சித்தப்பாவும் அங்கதான்" என்றது பக்கத்துப் பெண்.
"எங்க மாமா போன வாரமே வந்துட்டாக" என்று
இன்னொருவன் பெருமைப்பட்டான்.
என் படிவத்தில் அடுத்த வரி:
மாணவர் பங்கேற்பு. குறைவு, நடுத்தரம், நிறைவு.

நம்புசெல்வி டீச்சர் அவள் தலையைத் தடவவில்லை.
நான் சொல்லித்தராத ஒரு பொத்தானை
ராத்திரி எப்போதோ கண்டுபிடித்திருந்தார்.
"அங்க ஒரு புள்ளி வை. நம்ம ஸ்கூல்ல ஒண்ணு வை."
நேராக ஒரு கோடு விழுந்தது,
எந்தக் கப்பலும் குறுக்கே வராமல்.
"எத்தன கிலோமீட்டரு?"
"தொண்ணூ... தொண்ணூத்தெட்டு."
"இப்ப மதுரைக்குப் போடு."
நூற்று முப்பத்தாறு.
செர்லின் இரண்டு எண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள்.
"மதுரையவிடக் கிட்டத்தான் டீச்சர்!"
"எவ்வளவு கிட்ட? கழிச்சுச் சொல்லு."
நோட்டைப் புரட்டினாள்.
கடன் வாங்கி, மறுபடியும் கடன் வாங்கி,
முப்பத்தெட்டு.

டேப்லெட் அப்போதே அணைந்துபோனது.
வகுப்பு இன்னும் பத்து நிமிடம் ஓடியது,
யார் யார் ஊருக்கு எத்தனை தூரம் என்று
கரும்பலகையில், ஒரே கூச்சலாக.

பாலத்தில் பஸ் நின்றபோது படிவத்தை முடித்தேன்.
பயிற்சியில் கற்ற எந்தத் திறன் வகுப்பில் வெளிப்பட்டது?
பெரிதாக்குதல்.
யாரிடம் வெளிப்பட்டது என்று கேட்கவில்லை, நல்லது.
பிற தேவைகள் என்ற இடத்தில்
சார்ஜ் துளைக்கு ரப்பர் மூடி, பதினெட்டு.
கையெழுத்துப் போட்டேன்.

அந்த அளக்கிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று
என் போனில் துழாவிக்கொண்டே வந்தேன்.
உச்சிப்புளி தாண்டித்தான் கிடைத்தது.