உலோகம் ஏதும் உண்டா

உருவிய வாளோடு
கதவுக்கு வெளியே நிற்பது என் வேலை.
மாதத்தில் இரண்டாம் செவ்வாய்,
பதினேழு வருடமாக.
வாள் முனை மழுங்கிவிட்டது.
ஸ்ட்ராம்னெஸ் துறைமுகத்தில்
எங்கள் மேசன் சபையை உளவு பார்க்க
இதுவரை வந்தவை
மழையும்
மீன்கடைக்காரரின் பூனையும்தான்.

இன்று சிகர்ட் டிரீவர் வந்திருக்கிறான்.
ஐம்பத்தெட்டு வயது. புதுச் சவரம்.
காதோரம் சோப்பு நுரை காய்ந்திருக்கிறது.
கோட்டைக் கழற்று என்றேன்.
இடது முழங்கால் தெரியக் கால்சட்டையைச் சுருட்டு.
இடது மார்பு தெரியச் சட்டையைத் திற.
ஒரு காலில் பூட்ஸ் இருக்கட்டும்,
மற்றதில் இந்தப் பழைய செருப்பு.
மாப்பிள்ளைக் கூச்சமும் இல்லை
நோயாளிக் கூச்சமும் இல்லை,
இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்றோடு
சொன்னதையெல்லாம் செய்தான்.

உலோகம் ஏதும் உண்டா?

கைக்கடிகாரம் கொடுத்தான். சாவிக்கொத்து.
மூன்று பவுண்டும் கொஞ்சம் சில்லறையும்.
மோதிரம் வர மறுத்தது,
எச்சில் தொட்டுச் சுழற்றி எடுத்தான்.
"இது மட்டும் வராது" என்று
முழங்காலுக்குக் கீழே தட்டிக் காட்டினான்.
எஃகுத் தகடு, ஆறு திருகு.
'கிட்டிவேக்' படகின் வின்ச்
வடத்தோடு அவன் காலையும் சேர்த்துச் சுற்றிய நாள்.

எனக்கா தெரியாது அந்தப் படகு.
ஏலத்தில் நானும் நின்றேன்.
அவன் சொன்ன விலைக்கு
நாற்பது பவுண்டு கீழே நின்றுவிட்டேன்.
அடுத்த மாதம் அவன் விண்ணப்பம் சபைக்கு வந்தது.
அப்போது நான் உள்ளே உட்காரும் ஆள்.
பெட்டிக்குள் விட்ட கை
எந்தக் குண்டைப் போடுகிறது என்று
பக்கத்தில் இருப்பவனுக்கும் தெரியாது.
வெள்ளையும் வழவழப்பு, கறுப்பும் வழவழப்பு.
மூன்று கறுப்பு விழுந்தால் ஆள் இல்லை.
மூன்று விழுந்தது.
மற்ற இரண்டும் யாருடையவை என்று
நான் யோசிக்கவே இல்லை,
இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதே
அன்று போதுமானதாக இருந்தது.

இரண்டு குளிர்காலம் கழித்து வின்ச்.

இன்னொரு நாற்பது பவுண்டு
என் வாயிலிருந்து வந்திருந்தால்
அந்தத் தகடு என் காலில்.
ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன்,
ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு.
உரித்து எனக்கே பாதி கொடுத்தான்.
அதன் பிறகுதான்
வெளியே நிற்கும் வேலையைக் கேட்டு வாங்கினேன்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
கணப்பு உள்ளே இருக்கிறது,
இந்த இடத்துக்குப் போட்டி கிடையாது.

"எஃகை என்ன செய்வது?" என்றான் சிகர்ட்.
விதிகளை எழுதியவர்கள்
சட்டைப் பையோடு நிறுத்திவிட்டார்கள்.
"அது உன் கணக்கில் இல்லை, வா" என்றேன்.
அவனுக்குப் புரிந்திருக்காது.

கண்ணைக் கட்டினேன்.
கழுத்தில் கயிறு போட்டேன்.
கட்டிய கண்ணோடு
முடிச்சை விரலால் தடவிப் பார்த்தான் படகுக்காரன்.
"இது ஒரு தோணியைக்கூடப் பிடிக்காதே."
"பிடிப்பதற்கு இல்லை."

மூன்று முறை தட்டினேன்.
கதவு அவனை வாங்கிக்கொண்டு மூடியது.

இனி எனக்குச் சத்தங்கள்தான்.
காலடிகள் அறையைச் சுற்றுகின்றன,
ஒன்று பூட்ஸ், ஒன்று செருப்பு,
நொண்டலையும் சேர்த்து
நான் கேட்காத ஒரு தாளம்.
இப்போது மண்டியிடுவான். அந்தக் காலை மடக்க
நேரம் எடுக்கிறான், யாரும் அவசரப்படுத்தவில்லை.
இப்போது கேட்பார்கள்:
ஏழைகளுக்கு ஏதாவது கொடு.
தடவிப் பார்ப்பான். ஒன்றும் இருக்காது.
வெட்கத்தோடு இல்லை என்பான்.
அவனுடைய மூன்று பவுண்டு
இங்கே என் கோட்டுப் பையில்
என் தொடையில் இடிக்கிறது.

ஒன்பதரைக்கு வெளியே வந்தான்,
இடுப்பில் வெள்ளை ஆட்டுத்தோல்,
கட்டு அழுந்திய கண்கள் சிவந்து.
"உள்ளே நடந்ததை உன்னிடம் சொல்லக்கூடாதாம்"
என்று சிரித்தான்.
கடிகாரம், சாவி, காசு கொடுத்தேன்.
எண்ணிப் பார் என்றேன்.
"அண்ணன் தம்பிக்குள் எண்ணுவார்களா?"
அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு
கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் படியிறங்கினான்.

வேறொன்றும் சொல்ல இருந்தேன்.
வாய் திறக்கும்போது பார்க்கிறேன்,
அவன் மோதிரம் இன்னும் என் சுண்டுவிரலில்.

டிரீவர், டிரீவர் என்று
கடற்கரைத் தெரு முழுக்க ஓடினேன் மழையில்.
வாளைக் கீழே வைக்க மறந்துபோய்.