ரெண்டு விரல் பெரிசு

ஞாயிறு, எட்டேகால் கொம்யூட்டர்.
சுங்கைப் பட்டாணியில் ஏறியதுமே
ஹர்விந்தன் சன்னலைப் பிடித்துக்கொண்டான்,
லோஷினி, சன்னலைப் பிடித்த ஹர்விந்தனை.
கையுறைத் தொழிற்சாலையில்
பதினோரு நாள் தொடர்ந்து நின்ற கால்களை
முன்னிருக்கைக்கு அடியில் நீட்டிப் போட்டேன்.
அவர் உட்கார்ந்ததும் தூங்கிப்போனார்.
லாரி ஓட்டுகிறவருக்கு
அடுத்தவன் ஓட்டும் வண்டிதான் தாலாட்டு.

தாசெக் குளுகோர். புக்கிட் மெர்தாஜாம்.
ஒலிபெருக்கிக் குரலுக்கு முன்னால்
நிலையத்தின் பெயரைப் பையன் சொல்லிவிட வேண்டும்.
அவனே வைத்த போட்டி.
ரெண்டு முறை தோற்றான்.
ஒரு முறை, குரல்தான் தப்பு என்றான்.

பட்டர்வொர்த்தில் இறங்கும்போது நடந்தது.
வண்டிக்கும் நடைமேடைக்கும் நடுவில்
ஒரு சாண் இருட்டு.
அதற்குள் போய்விட்டது
லோஷினியின் இடது கால் சப்பாத்து.
சத்தம்கூட இல்லை.

அழவில்லை அவள். குனிந்து பார்த்தாள்,
இயந்திரத்தில் வங்கி அட்டை மாட்டிக்கொண்டவர் மாதிரி.
"கீழ யாரு இருக்கா?" என்றாள்.

தீபாவளிக்கு வாங்கினது.
அடுத்த தீபாவளிக்கும் ஆகட்டும் என்று
ரெண்டு விரல் பெரிசாய் எடுத்து
நுனியில் பஞ்சடைத்துக் கொடுத்தவள் நான்.
யாரும் சொல்லிக்காட்டவில்லை.
அவர் என்னைப் பார்த்தார், பிறகு
தண்டவாளத்தைப் பார்த்தார். போதாதா.

நீலச் சட்டை அதிகாரி, நெஞ்சில் அஸ்ருல் என்று பெயர்.
வண்டி கிளம்பட்டும், நீளக் கோல் இருக்கிறது,
சாயங்காலம் முகப்பில் கேளுங்கள் என்றார் மலாயில்.
எந்தக் கால் என்றும் கேட்டு எழுதிக்கொண்டார்,
அங்கே இன்னும் நாலைந்து கிடப்பதைப் போல.

பெர்ரித் துறை வரைக்கும் நடைபாலம் நீளம்.
முழுக்க அப்பா தோளில் சவாரி.
சப்பாத்துக் கால் அவர் மார்பில் தாளம் போட்டது,
வெறுங்கால் கூச்சப்பட்டது.
கடல் நடுவில்தான் கேட்டாள்:
"அது இப்ப தனியா என்ன பண்ணும்?"
உப்புக் காற்று. யாருக்கும் பதில் தெரியவில்லை.

தீவில் இறங்கியதும் பீரங்கி பார்க்கணும் என்றவனை
முதலில் செருப்பு என்று இழுத்துப் போனோம்.
சௌரஸ்தா ஓரம், சீனக் கடைக்காரம்மா
எட்டு வெள்ளி சொல்லி ஆறுக்குத் தந்தாள்
சிவப்பு ஜப்பான் சிலிப்பர்.
சரியான அளவு.
நான் வாங்கியதில் முதல் தடவையாக
அவள் காலுக்கு, இன்றைய அவள் காலுக்கு
சரியான அளவு.
சப்தப் சப்தப் என்று ஓடினாள்.
நில்லு என்றால் திரும்பி வந்து
காட்டிவிட்டு மறுபடி ஓடினாள்.

பையன் பீரங்கி வாயில் காது வைத்து
ஒன்றுமில்லை என்று ஏமாந்தான்.
நாலு பேருக்கு ரெண்டு கிண்ணம் செண்டோல்.
கடைசிக் கரண்டிக்குச் சின்னதாக ஒரு யுத்தம்.
மூன்று மணிக்கு முதலாளி அழைத்தார்:
நாளை விடிகாலை நாலுக்கு லோடு.
சரி சரி என்றார் இவர்,
ஐஸ் உருகி முழங்கை வரை வழிய.

திரும்பும்போது முகப்பில் அஸ்ருல் இல்லை.
வேறொருவர், மேசைக்கடியிலிருந்து
ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வைத்தார்.
மேலே ஒட்டிய காகிதத்தில் மலாய்க் கையெழுத்து:
இடது, சின்னப் பெண்.
கிரீஸைத் துடைத்திருந்தார்கள்.
பஞ்சுகூட அப்படியே உள்ளே.

லோஷினி எட்டி நின்று பார்த்தாள்.
"எனக்கு வேணாம். அது கீழ போயிட்டு வந்திருச்சு."

இரவு வண்டி. நெருக்கியடித்த கூட்டத்தில்
எப்படியோ ஒரு மூலை கிடைத்தது.
சிலிப்பரோடு மடியில் தூங்குகிறவள் பாதத்தில்
சப்பாத்தை வைத்து அளந்து பார்த்தேன்.
ரெண்டு விரல்
ஒன்றரையாகி இருந்தது.
இந்த முறை அவர் தூங்கவில்லை.
"என்னா?" என்றார்.
"ஒண்ணுமில்ல."

அடுத்தது தாசெக் குளுகோர் என்றான் பையன்,
குரலுக்கு முன்னால்.
ஜெயித்ததை யாராவது கேட்டோமா என்று
எங்கள் முகங்களைத் தேடினான்.