முப்பத்தியொரு பூட்டு

ஒன்பது வருசமாக நின்றுபோயிருந்த பங்குனிப் பொங்கலுக்குச்
சேவலூரணியில் சாமி சாட்டிய மறுநாள்
கடை திறக்கும் முன்பே வந்து நின்றார் ஒச்சப்பன்,
சூரத்தில் முறுக்குக் கம்பெனி வைத்திருப்பவர்.
"வீட்டுச் சாவிய அங்கயே விட்டுட்டேன்பா."
அங்கேயும் இல்லை என்று முகம் சொன்னது.

பஞ்சர் ஒட்டுவேன், சாவி வெட்டுவேன்.
அன்றைக்குச் சுத்தியல் போதுமாயிருந்தது.
நாலாவது அடியில் கொண்டி தெறித்தது.
உள்ளே நிலைப்படி முழுக்கக் குளவி.
சூரத்து முதலாளி வேட்டியைத் தூக்கிக்கொண்டு
மந்தை வரைக்கும் ஓடியதை
ஊர் கைதட்டிப் பார்த்தது.

பிறகு திருப்பூர் வேன்கள் வந்தன.
ஆந்திராவிலிருந்து ஒரு லாரியே வந்தது,
அடுப்பு, அண்டா, பிள்ளைகளோடு.
விருமாயி வீட்டுக் கதவில் இரண்டு பூட்டு:
ஒன்று அவளுடையது,
ஒன்று கோர்ட்டில் எதிரே நிற்கும் கொழுந்தனுடையது.
எதை உடைக்க என்றேன்.
"ரெண்டையும் உடைங்கண்ணே.
கேஸு அதுபாட்டுக்கு நடக்கட்டும்,
பொங்கப் பானை உள்ள கெடக்கு."

முதல் மரியாதை யாருக்கு என்றுதான்
அன்று திருவிழா நின்றது.
இந்த வருசம் யாருக்கும் பரிவட்டம் கிடையாது,
எல்லாருக்கும் திருநீறு என்று முடிவு.
முணுமுணுத்தவர்களும் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள்.

கொட்டுக்காரர்கள் வந்து இறங்கும்வரை
தெருத்தெருவாகக் கேட்டது என் சுத்தியல்தான்.
முப்பத்தியொரு பூட்டு.
கூலி யாரிடமும் வாங்கவில்லை.

தலைக்கட்டுக்கு இரண்டாயிரம் வரி.
நீள நோட்டோடு மந்தையில் உட்கார்ந்திருந்த
ஜெயக்கொடியிடம் நாலு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.
"ஒனக்கு எதுக்குப்பா வரி? நீ சாத்தூர்க்காரன்."
பதினாலு வருசமாச்சு என்றேன்.
"சரி, நன்கொடையில எழுதிக்கிறேன்,
மைக்ல ரெண்டு தடவ பேரு சொல்லச் சொல்றேன்."

நன்கொடை வேண்டாமண்ணே.
நன்கொடை கொடுத்தவனுக்குத் துண்டு போத்தி
பஸ் ஏத்தி விட்ருவீங்க.
வரி பாக்கி வச்சவன் வாசல்லதான்
நாலு பேரு வந்து நின்னு
'எங்கடா பணம்'னு சத்தம் போடுவீங்க.
எனக்கு அந்தச் சத்தம் வேணும்.

ஜெயக்கொடி பேனாவை மூடினார்.
"கூட்டத்துல கேட்டுத்தான் சொல்லணும்."
தாள்கள் என் பைக்கே திரும்பின.

காப்புக் கட்டிய மூன்றாம் நாள்
சாத்தூரில் மச்சான் மகளுக்குக் காதுகுத்து.
சாப்பிட்டு முடிக்க ராத்திரியாகிவிட்டது.
"படுத்துட்டுக் காலைல போங்க" என்றான்.
ஊர்ல காப்புக் கட்டியிருக்கு,
வெளியூர்ல ராத் தங்கக் கூடாது.
"அது ஊர்க்காரங்களுக்குத்தான, மாப்ள?"

பதில் யோசித்துக்கொண்டே செருப்பைத் தேடினேன்.
சேவலூரணி ஆஸ்பத்திரியில் பிறந்த என் மகள்
எனக்கு முன்பே செருப்பு மாட்டி
வாசலில் நின்றிருந்தாள்.

கள்ளுப்பட்டியில் கடைசி பஸ் போய்விட்டது.
தக்காளி ஏற்றிய வண்டியில் தொற்றி வந்து
முக்கு ரோட்டில் இறங்கி,
தூங்குகிறவளைத் தோளில் போட்டு நடந்தேன்.

சீரியல் விளக்கு எரிந்தது, ஆள் அரவமில்லை.
நான் உடைத்த கதவுகளை
கயிற்றால் கட்டியிருந்தார்கள்,
சிலதைச் சும்மா சாத்தியிருந்தார்கள்.
உள்ளே குறட்டை, இருமல்,
ஒரு குழந்தைக்கு இந்தியில் தாலாட்டு.
எண்ணிக்கொண்டே வந்தேன்,
இருபதுக்கு மேல் தப்பிவிட்டது.

என் கதவில் பூட்டு தொங்கியது.
மகளைத் தோள் மாற்றிக்கொண்டு
இடுப்பில் தடவினேன்.
சாவி இருந்தது.