இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றோராயிரத்து நானூற்று ஆறு

மரியாம்போலே சந்தையில் அக்டோபர் மழை
வரிசை வரிசையாய்க் கார்களைக் கழுவிக்கொண்டிருந்தது.
விற்றவன் பெயர் எகிடியுஸ் என்றான்.
உண்மைப் பெயராகவும் இருக்கலாம்.
"ஒரே கை ஓட்டியது. ஜெர்மன் கிழவர்.
ஞாயிறு தேவாலயம், மற்ற நாளெல்லாம் கொட்டகை."
சாம்பல் நிற ஜெட்டா, டீசல்,
மீட்டரில் ஒரு லட்சத்து அறுபத்து மூவாயிரம்.

கதவைச் சாத்திப் பார்த்தேன்.
அடங்கிய, கனத்த ஒரு சத்தம்,
வங்கிப் பெட்டகம் மூடிக்கொண்டாற்போல.
அந்தச் சத்தத்துக்குத்தான் பணம் கொடுத்தேன்.
கார் கூடவே வந்தது.

யோனவா மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள் நான்.
மணிக்கட்டுக்குள் மயிரிழை விரிசல் இருந்தாலும்
என் கண்ணுக்குத் தப்பாது.
அன்றைக்கு ஸ்டியரிங்கின் தோல் தேய்ந்து பளபளத்ததை
விரலால் தடவியும் பார்த்தேன்.
மழை ஈரம் என்று சொல்லிக்கொண்டேன்.

ஜனவரியில் மைனஸ் இருபத்திரண்டு.
சாவியைத் திருப்பினால் இருமியது, பிறகு அதுவும் இல்லை.
நாலு குளோ பிளக்.
வசந்தத்தில் டைமிங் பெல்ட், கூடவே வாட்டர் பம்ப்,
"பக்கத்தில்தானே இருக்கிறது" என்பதற்காக இன்னும் மூன்று சாமான்.
ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி
ஒருநாள் கதவுக்குள் விழுந்தது, மேலே வரவே இல்லை.
பாலிதீன் ஒட்டிக்கொண்டு ஒன்பது நாள் வேலைக்குப் போனேன்.
"ஜெர்மன்காரன் செய்தது எளிதில் கெடாது, ஸ்கிர்மாந்தே,"
என்பார் மெக்கானிக் டௌமந்தாஸ், கையைத் துடைத்தபடி.
"கெட்டால் சின்னதாகக் கெடாது."
குதிரை வாங்கிவிட்டுக் கொள்ளுக்குக் கடன் வாங்கினேன்.

கேபின் ஃபில்டர் மாற்ற
டாஷ்போர்டுப் பெட்டியை அவர் கழற்றியபோது
பின்னாலிருந்து விழுந்தது ஒரு ரசீது.
ஓஸ்னாப்ரூக். 2013, மார்ச் 14.
திரு. அரென்ஸ். முன் பிரேக் டிஸ்க், இரண்டு.
ஓடிய தூரம்: 291406.

டௌமந்தாஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.
நானும் சிரித்தேன், பில் கட்டும் வரை.
அன்றிரவு வீட்டு வாசலில் இன்ஜினை அணைக்காமல்
உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.
எத்தனை தேவாலயம் போனீர்கள், அரென்ஸ்,
எத்தனை ஞாயிறு உங்கள் வாரத்தில்?

"வேறொரு மடையன் தலையில் கட்டு," என்றாள் அக்கா ஔட்ரோனே.
கட்டத்தான் பார்த்தேன்.
கழுவி, மெழுகு போட்டு,
கண்ணாடியில் வைக்க அட்டை வெட்டி
வருஷம் எழுதினேன், விலை எழுதினேன்.
கிலோமீட்டர் என்ற இடத்தில்
பேனா நின்றுவிட்டது.

அட்டையைக் கிழித்தேன். ரசீதை வெயில்மறைப்பில் செருகினேன்.
வீடு, மருத்துவமனை, வீடு.
ஒரு வழிக்கு முப்பத்தியொரு கிலோமீட்டர்.
சாலையில் தூவும் உப்பு சக்கர வளைவைத் தின்றது.
என் முழங்காலும் அந்த வருஷங்களில்தான் தேயத் தொடங்கியது,
அதன் படத்தை நானே எடுத்தேன்.

ஒன்பது குளிர்காலம் கழித்து,
ஒரு செவ்வாய், இரவுப் பணி முடிந்து
நேரிஸ் பாலம் தாண்டியதும்
ஓரமாக நிறுத்தி மஞ்சள் விளக்குகளைப் போட்டேன்.
உப்புத் தூவும் லாரிக்காரன் கண்ணாடியை இறக்கினான்.
"பழுதா?"
"இல்லை."
"பின்னே?"
மீட்டரைக் காட்டினேன்.
குனிந்து, ஓர் இலக்கம் விடாமல் வாசித்தான்.
"டீசலா? இன்னும் ஓடும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

வயதைக் குறைத்துச் சொன்னவள்
சொன்ன வயதோடு நடந்து நடந்து
மறைத்த வயதுக்கே வந்து சேர்ந்திருக்கிறாள்.
இதற்குள் நிஜ வயது எங்கேயோ போய்விட்டது,
நாலு லட்சம், அதற்கும் மேல்.
கணக்கு அரென்ஸுக்குத் தெரிந்தால் உண்டு.

இறங்கி, காரணமே இல்லாமல்,
கதவைத் திறந்து ஒருமுறை சாத்தினேன்.
அதே சத்தம்.
கூடவே எங்கோ ஒரு திருகாணியின் கிண்.
அது என்ன கிண்?
சனிக்கிழமை டௌமந்தாஸிடம் கேட்க வேண்டும்.